கப்பலோட்டிய தமிழனைத் தெரியும்... கப்பலுக்குப் பெயிண்ட் அடித்த தமிழனை?

2022 ஆகஸ்ட் 7. திருவள்ளூர் மாவட்டம், காட்டுப்பள்ளி. அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் 'சார்லஸ் ட்ரூ' பழுதுபார்ப்புக்காக அங்கிருக்கும் எல் அண்ட் டி கப்பல் தளத்துக்கு வந்து நின்றது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் ரிப்பேருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உடனே ஆரம்பித்துவிட்டது கச்சேரி. சீனா என்ன நினைக்கும், குவாட் என்ன ஆகும், இந்தியப் பெருங்கடல் யாருக்கு என்று ஆளாளுக்கு அலசிக் காயப்போட்டார்கள்.

அந்தக் கப்பலின் புகைபோக்கியில் நீலமும் தங்க மஞ்சளுமாகப் பட்டைகள் இருக்கும். அமெரிக்கக் கடற்படைக்குச் சரக்கு சுமக்கும் கமாண்டின் அடையாளம் அது. உலகத்தின் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் அந்தப் பட்டையைப் பார்த்து 'இது இன்னாருடைய கப்பல்' என்று சொல்லிவிடலாம். சரி, எந்தக் கப்பலாக இருந்தாலும் அந்தப் பட்டையை அடித்தவன் யார்? அவன் பேர் என்ன, ஊர் என்ன, கூலி என்ன? அடித்து முடித்துவிட்டு இருமிக்கொண்டே வீட்டுக்குப் போனானா? அதை அலசுவதற்குத்தான் ஆளைக் காணோம்.

கப்பலில் எல்லார் கண்ணுக்கும் முதலில் படுகிற இடம் புகைபோக்கி. அதற்கு வண்ணம் அடிக்கிறவனோ யார் கண்ணுக்கும் படாதவன். இது ஏதோ கவித்துவமான முரண் என்று நினைத்து 'அடடா' போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். இது சட்டப் புத்தகத்தில் இருக்கிற ஓட்டை. உங்கள் வீட்டு ஹாலின் சுவருக்கு இந்தியச் சட்டம் கொடுக்கிற பாதுகாப்பு, கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும் பெயிண்ட் அடிக்கிற மனிதனின் நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் கிடையாது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில், புகைபோக்கிக்கு எதற்கு மேக்கப்?

நீராவிக் கப்பல் வந்த காலத்தில் கம்பெனிகளுக்கு ஒரு பிரச்சினை. பாய்மரக் கப்பலுக்குப் பாயும் கொடியும் இருந்தன. நீராவிக் கப்பலில் தூரத்திலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது புகை, அடுத்து அந்தப் புகை வருகிற குழாய். அப்புறம் என்ன, குழாயையே கொடியாக்கிவிட்டார்கள். குனார்டு கம்பெனிக்குச் சிவப்பு, மேலே கறுப்பு. டைட்டானிக்கின் ஒயிட் ஸ்டார் கம்பெனிக்கு மங்கலான மஞ்சள், மேலே கறுப்பு. லிவர்பூலின் ஆல்ஃபிரட் ஹோல்ட் கம்பெனியின் புகைபோக்கி நீலம். அதனால் அந்தக் கம்பெனிக்கு 'புளூ ஃபன்னல்' என்றே பேர் நிலைத்துவிட்டது. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல்களில் இன்றைக்கும் இருக்கிற நீலப் பட்டையும் ஏழுமுனை வெள்ளை நட்சத்திரமும் 1886லேயே 'லாரா' என்ற நீராவிக் கப்பலின் புகைபோக்கியில் ஏறியவை. 1912ல் லாயிட்ஸ் நிறுவனம் கம்பெனிக் கொடிகளையும் புகைபோக்கி வண்ணங்களையும் தொகுத்துத் தனிப் புத்தகமே போட்டது. லோகோ, பிராண்ட், கார்ப்பரேட் ஐடென்டிட்டி என்று மார்க்கெட்டிங் பாடத்தில் இன்றைக்குப் படிப்பதையெல்லாம் கரிப்புகைக்கு நடுவே அன்றைக்கே செய்து முடித்துவிட்டார்கள்.

மேலே கறுப்பு எதற்கு? ஃபேஷன் இல்லை. கரி படிந்தால் கறுப்பில் தெரியாது. அவ்வளவுதான்.

தமிழர்களுக்கு அதிகம் பழக்கமான புகைபோக்கி என்றால் அது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது. கறுப்பில் இரண்டு வெள்ளை வளையங்கள். தாத்தா பாட்டி யாராவது மலேயா போய் வந்திருந்தால் 'ரஜூலா கப்பல்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926ல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடி 1974ல் உடைப்புக்குப் போனது. தோட்டத்துக்குப் போன கூலியும், கடை வைக்கப் போன செட்டியாரும், கல்யாணம் முடித்துப் போன பெண்ணும் அந்த இரண்டு வெள்ளை வளையத்துக்குக் கீழே நின்றுதான் கரையைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

அதே கம்பெனியை எதிர்த்துத்தான் வ.உ.சி. 1906ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓடின. அந்தக் கறுப்பு வெள்ளைப் புகைபோக்கி ஒன்று மட்டுமே தெரிந்துகொண்டிருந்த கடலில் வேறொரு கம்பெனியின் புகை தெரிந்ததே, அதைத்தான் வெள்ளைக்காரனால் தாங்க முடியவில்லை. கட்டணத்தைக் குறைத்து, கேஸ் போட்டு, ஜெயிலில் தள்ளி, 1911க்குள் கம்பெனியையே கலைக்க வைத்தார்கள். வெறும் பெயிண்ட் என்று நினைத்திருந்தால் இவ்வளவு பாடுபட்டிருப்பார்களா?

ஆக, புகைபோக்கி வண்ணம் என்பது கம்பெனி போடுகிற கையெழுத்து. கேள்வி இதுதான்: கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, கைக்கு ஏன் இல்லை?

அந்த வேலை எப்படி நடக்கிறது?

இன்றைய கப்பலில் புகைபோக்கி என்பது ஒற்றைக் குழாய் இல்லை. வெளியே தெரிவது ஓர் இரும்பு உறை. உள்ளே பிரதான எஞ்சின், ஜெனரேட்டர், பாய்லர் ஆகியவற்றின் புகைக்குழாய்கள் தனித்தனியாக மேலே ஏறும். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதி வந்தது. புகையைக் கழுவும் கருவியைப் பொருத்தினால் பழைய எண்ணெயையே எரிக்கலாம் என்பதால் ஏகப்பட்ட கப்பல்களில் அதைப் பொருத்தினார்கள். அதற்கு இடம் கொடுத்துக் கொடுத்து புகைபோக்கி இன்னும் பெருத்துப் போனது. பெருத்தால் என்ன? பெயிண்ட் அடிக்கிற பரப்பும் கூடும்.

கடலில் போகும்போது இந்த வேலையைச் செய்கிறவர்கள் கப்பலின் சாதாரண மாலுமிகள். முதலில் கரியைக் கழுவ வேண்டும். அப்புறம் உப்பு போக நல்ல தண்ணீர் விட வேண்டும். உப்பு மிச்சம் இருந்தால் மேலே என்ன பெயிண்ட் அடித்தாலும் கொப்பளித்துக்கொண்டு உரிந்துவிடும். பிறகு சுத்தியலால் துருவைத் தட்டி எடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் வண்ணம். இதையெல்லாம் தரையில் நின்றா செய்ய முடியும்? கயிற்றில் தொங்கும் ஒரு பலகையில் உட்கார்ந்து செய்ய வேண்டும். கப்பல் ஆடும். பலகையும் ஆடும்.

ஆள் ஏறுவதற்கு முன்னால் ராடாரை நிறுத்த வேண்டும். ஹாரனை நிறுத்த வேண்டும், காதுப் பக்கத்தில் அது திடீரென்று அலறினால் அதிர்ச்சியிலேயே பிடி நழுவும். பாய்லர் கரியை ஊதித் தள்ளுகிற வேலையைத் தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டுக் கரி தலையில் கொட்டும். நைலான் கயிறு சூடான குழாயில் உரசாமல் பார்க்க வேண்டும், உரசினால் இளகி அறுந்துவிடும். இதில் ஒன்றை யாராவது மறந்தாலும் ஒரு குடும்பத்தின் கதை முடிந்தது.

இதில் கைத்திறன் வேறு இருக்கிறது. புகைபோக்கி வளைந்திருக்கும், பல கப்பல்களில் மேலே போகப் போகச் சாய்ந்தும் குறுகியும் இருக்கும். அதைச் சுற்றி ஒரு பட்டையை நேராக அடித்துப் பாருங்கள். கிட்டத்தில் நேராகத் தெரிவது தூரத்திலிருந்து கோணலாகத் தெரியும். சின்னத்தின் ஓரம் பிசகக் கூடாது என்றுதான் பல கப்பல்களில் இரும்பிலேயே அதன் வடிவத்தை வெல்டிங் செய்து வைத்திருப்பார்கள். அப்படியும் அடிக்கிறவன் கை நடுங்கினால் கம்பெனி மானம் கப்பலேறிவிடும். இந்த வேலைக்குப் பேர் 'அன்ஸ்கில்டு'. ஏசி அறையில் அந்தச் சின்னத்தை கம்ப்யூட்டரில் வரைந்தவருக்குப் பேர் 'கிரியேட்டிவ்'. என்ன கொடுமை சார் இது!

ஐந்து வருடத்துக்கு இரண்டு முறையாவது கப்பலின் அடிப்பாகத்தைச் சோதித்தாக வேண்டும். அதற்காகப் பெரும்பாலும் உலர்தளத்தில் ஏற்றுவார்கள். அப்போது வேலை கரையில் இருக்கிற ஆட்கள் கைக்கு வரும். அங்கே நேரம்தான் ராஜா. தளத்தில் நிற்கிற ஒவ்வொரு நாளும் கப்பலுக்கு வருமானம் இல்லாத நாள், வாடகை ஏறுகிற நாள். காண்டிராக்டர், அவருக்குக் கீழே சப் காண்டிராக்டர், அவருக்குக் கீழே ஆள் கூட்டி வருகிற மேஸ்திரி, கடைசியில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ வந்த ஒரு பையன். மேலே இருக்கிறவனின் அவசரம் படிப்படியாக இறங்கிக் கடைசிப் படியில் நிற்கிறவனின் மாஸ்க்கில் போய் முடியும்.

பெயிண்டுக்குள் என்ன இருக்கிறது?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1989லேயே ஒரு முடிவுக்கு வந்தது. ஏதோ ஒரு ரசாயனத்தை அல்ல, 'பெயிண்டராக வேலை செய்வது' என்கிற தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. பிற்பாடு மறுபடி ஆராய்ந்தபோதும் அதை உறுதிசெய்தது. நுரையீரல், சிறுநீர்ப்பை, நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறை, இந்த மூன்றிலும் புற்றுநோய். புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே பிரிவு. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பட்டியல் ஆபத்து எத்தனை மடங்கு என்று சொல்வதில்லை, ஆதாரம் எவ்வளவு உறுதி என்றுதான் சொல்கிறது. அந்த உறுதியில் சந்தேகமே இல்லை என்பதுதான் சேதி.

அடுத்தது ஈயம். பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் வேண்டும், வெயிலில் வெளுக்கக் கூடாது, ஒரே கோட்டிங்கில் கீழே இருக்கிறது மறைய வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்றால் காலங்காலமாகக் கைகொடுத்தது லெட் குரோமேட். அதில் ஈயமும் உண்டு, குரோமியமும் உண்டு. குழந்தைகளின் மூளைக்கு ஈயம் செய்கிற கேடு பற்றி நிறையப் பேசிய பிறகு இந்தியாவில் 2016ல் விதி வந்தது. 2017 நவம்பர் 1 முதல் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் தலைப்பைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள்: 'வீட்டு உபயோக மற்றும் அலங்கார' பெயிண்ட். தொழிற்சாலை பெயிண்ட் அதில் வராது. கப்பல், டாங்க், பாலம், கிரேன், லாரி எதுவும் வராது.

அதாவது, பெயிண்டரின் குழந்தை வீட்டுச் சுவரைத் தொட்டால் சட்டம் காப்பாற்றும். வேலை முடிந்து அப்பா சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற தூசியைத் தொட்டால்? சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்து என்றால்கூடப் பொறுக்கலாம். வெள்ளை ஈய பெயிண்ட் பற்றி 1921லேயே ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தனி உடன்படிக்கை போட்டாகிவிட்டது. இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் 1948ல் வந்தபோது, கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் முதல் வரியே ஈய நச்சுதான். நோய் தெரியும். காரணம் தெரியும். நோயைப் பட்டியலில் வைத்தவர்கள் காரணத்தைக் கடையில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க டிபிடி என்ற விஷம் கலந்த பெயிண்ட் அடித்து வந்தார்கள். 1970களின் கடைசியில் பிரான்சின் ஆர்க்கஷோன் வளைகுடாவில் சிப்பிகள் குஞ்சு பொரிக்காமல், ஓடு கோணலாகிப் போனது. சிப்பி வியாபாரம் படுத்தது. 1982ல் பிரான்ஸ் தடை போட்டது. 2001ல் உலக ஒப்பந்தம், 2008 செப்டம்பரில் அமல். தேவையான தடைதான். ஆனால் சிப்பிக்கு ஒரு உலக ஒப்பந்தம் கிடைக்க எடுத்த அக்கறையில் பாதி, அதே பெயிண்டை ஸ்பிரே செய்தவனுக்குக் கிடைத்ததா? சிப்பிக்கு மார்க்கெட் ரேட் இருந்தது. அவனுக்கு மாற்று ஆள் இருந்தான். அதுதான் வித்தியாசம்.

2006ல் கப்பலின் தண்ணீர்த் தொட்டிகளுக்கு வந்த பெயிண்ட் தர விதியையும் பாருங்கள். பூச்சு 320 மைக்ரான் இருக்க வேண்டும். அதை அளக்க மீட்டர் உண்டு. அளக்கிற ஆய்வாளருக்குச் சர்வதேசச் சான்றிதழ் கட்டாயம். பெயிண்ட் எத்தனை மைக்ரான் ஒட்டியிருக்கிறது என்று உலகமே கூடி அளக்கிறது. அடித்தவன் ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஈயம் ஏறியிருக்கிறது என்று எந்தக் கப்பல் விதியும் கேட்கவில்லை.

ஒரு காலத்தில் கேட்டார்கள்

துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948ல் வந்தது. அன்றாடம் ஆள் பிடிக்கிற முறையை ஒழித்து, தொழிலாளியைப் பதிவு செய்து, வேலையைச் சுற்றில் பங்கிட்டு, வேலை இல்லாத நாளுக்கும் கொஞ்சம் காசு கொடுக்க வழி செய்த சட்டம். பழைய வடசென்னைக்காரர்களிடம் 'டாக் லேபர் போர்டு' என்று சொல்லிப் பாருங்கள், கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். கல்கத்தாவில் 1970ல் கப்பலில் துரு தட்டிப் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கென்றே, ஆமாம், அவர்களுக்கென்றே, ஒரு தனித் திட்டம் இருந்தது. அரசாங்கம் அந்த வேலைக்கு ஒரு பேர் வைத்து, அந்த ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தது.

1997ல் அந்தச் சட்டம் பெரிய துறைமுகங்களுக்குப் பொருந்தாமல் போக வழி செய்து இன்னொரு சட்டம் வந்தது. சில வருடத்தில் எண்ணூர் துறைமுகம் பிறந்தது. 1999ல் கம்பெனியாகப் பதிவு, 2001ல் இயக்கம், 2014ல் காமராஜர் பேர். கம்பெனி வடிவில் தொடங்கிய முதல் பெரிய துறைமுகம் என்று பாடப்புத்தகத்தில் பெருமையாக வரும். பழைய லேபர் போர்டு அங்கே எடுபடவில்லை என்பதல்ல, அங்கே அது பிறக்கவே இல்லை.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. குறிப்பிட்ட பிரிவினருக்கு வருடாந்திர இலவச மருத்துவப் பரிசோதனை என்று அதில் ஒரு நல்ல வாசகம் உண்டு. அதே தொகுப்பில், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கை 20லிருந்து 50 ஆகிவிட்டது. பெயிண்டிங் காண்டிராக்ட் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். 50 பேரை மூன்று மேஸ்திரி பேரில் பிரித்து எழுத ஒரு பேனா போதும்.

கும்மிடிப்பூண்டியில் பெயிண்டர் என்றால்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் இரும்பு உருக்கும் உலைகளும் ரோலிங் மில்களும் வரிசையாக இருக்கும். கூரை, தூண், டாங்க், புகைபோக்கி, எதற்குத்தான் பெயிண்ட் வேண்டாம்? தமிழில் கப்பலுக்கும் அதே வார்த்தை, கம்பெனிக்கும் அதே வார்த்தை: புகைபோக்கி. வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கியில் தெரிகிற சிவப்பு வெள்ளைப் பட்டை விமானம் மோதாமல் இருக்க. பைலட்டின் உயிருக்காக அடித்த பட்டை. அதை அடிக்கத் தொங்கினவனும் ஓர் உயிர்தான்.

அதே கும்மிடிப்பூண்டியில் ஒரு பெரிய இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. 2021ல் 'மறுவாழ்வு முகாம்' என்று பேர் மாற்றினார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் ஆண்கள் அதிகமாகப் போகிற வேலை எது என்று விசாரித்துப் பாருங்கள். பெயிண்டிங். ஏன்? நிலம் இல்லை, கடன் கிடைக்காது, அரசு வேலை கிடைக்காது. பிரஷ்ஷும் பட்டி போடுகிற தகடும் இருந்தால் அன்றைக்குக் கூலி கிடைக்கும். படகில் வந்தவர்கள். இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளில் பலருக்கும் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. பாஸ்போர்ட் இல்லாமல் எந்தக் கப்பலிலும் மாலுமியாக ஏற முடியாது. அவர்களில் ஒருவர் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனாலும், அடித்த வண்ணம் ஊர் ஊராகப் போகும், அடித்த கை முகாம் பதிவேட்டில் நிற்கும்.

வழக்கமாக வருகிற பதில்கள்

'மாஸ்க், பெல்ட் எல்லாம் கொடுக்கிறோம், அவங்கதான் போடறதில்லை.' எண்ணூர் மே மாத வெயிலில், சுட்ட இரும்புக்குப் பக்கத்தில், அந்த ரப்பர் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்று பாருங்கள். நேரத்தைக் குறைக்காமல், இடைவேளை கொடுக்காமல், கூலியைச் சதுர அடிக்குக் கணக்கிட்டுவிட்டு மாஸ்க் கொடுத்தேன் என்பது, இலையைப் போட்டுவிட்டுச் சோறு போட்டேன் என்பது மாதிரி.

'பெரிய கம்பெனிகள் இப்போதெல்லாம் ஈயம் சேர்ப்பதில்லை.' ரொம்ப நல்லது. அப்படியானால் 90 பிபிஎம் விதியைத் தொழிற்சாலை பெயிண்டுக்கும் நீட்டினால் யாருக்கு நஷ்டம்? சேர்ப்பவனுக்கு மட்டும்தானே?

'ரொம்ப கெடுபிடி பண்ணினா கப்பல் வேற நாட்டுக்குப் போயிடும்.' இதுதான் பிரம்மாஸ்திரம். சிங்கப்பூரைப் பார்க்கலாம். 2004 மே மாதம் அங்கே ஒரு தளத்தில் 'அல்முதைனா' என்ற கப்பலில் தீப்பிடித்து 7 பேர் இறந்தார்கள். அதுவும் அதே காலத்தின் வேறு விபத்துகளும் சேர்ந்து 2006ல் கடுமையான பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவர வைத்தன. கப்பல்கள் ஓடிவிட்டனவா? சிங்கப்பூர் இன்றைக்கும் உலகின் முக்கியமான கப்பல் பழுதுபார்ப்பு மையம். தமிழ்நாட்டுப் பையன்கள் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு அங்கேதான் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். கெடுபிடியால் கப்பல் போகவில்லை, ஆள்தான் போனான்.

2025 செப்டம்பரில் கப்பல் கட்டும் துறைக்கு மத்திய அமைச்சரவை 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அத்தனை கோடி வரும்போது விதி போடாமல் வேறு எப்போது போடுவது?

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்காக ஒரு பத்தி. உலர்தளச் செலவை இந்தியக் கணக்கியல் தரம் 16ன்படி கப்பலின் மதிப்போடு சேர்த்து, அடுத்த முறை தளத்துக்குப் போகும்வரை தேய்மானமாக எழுதலாம். அதாவது பெயிண்டின் உழைப்பு சொத்தாகிறது. கப்பலுக்குத் தேய்மானம் உண்டு. பெயிண்டுக்கும் உண்டு. நுரையீரலுக்குத் தேய்மானம் எந்த அட்டவணையில் வருகிறது? பங்குச் சந்தையின் முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் செபிக்குப் பொறுப்பு அறிக்கை கொடுக்கின்றன, வேலையிடக் காயங்களின் கணக்கும் அதில் உண்டு. பலகையிலிருந்து விழுந்தால் அது காயம், கணக்கில் வரும். இருபது வருடம் கழித்து வருகிற இருமல்? அப்போது அந்தக் காண்டிராக்டே இருக்காது.

கடைசி பெயிண்ட்

கப்பலுக்கு வயதானால் ஆலங்குக்கு உடைக்கப் போகும். போவதற்கு முன்னால் பல கப்பல்களில் ஒரு வேலை நடக்கும். புகைபோக்கியில் இருக்கிற சின்னத்தை மறைத்துப் பெயிண்ட் அடிப்பார்கள். பேரில் நாலு எழுத்தை அழித்து மிச்சத்தை வைத்துப் புதுப் பேர் பண்ணுவார்கள். 1989ல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டிய 'எக்ஸான் வால்டெஸ்' பேர் மேல் பேர் மாறி, 2012ல் ஆலங்கில் வந்து நின்றபோது அதன் பேர் 'ஓரியண்டல் நைசிட்டி'. எத்தனை பாந்தமான பேர்!

ஆக, கம்பெனியின் பெருமையைக் காட்டவும் பெயிண்டர் வேண்டும், மறைக்கவும் அதே பெயிண்டர் வேண்டும். அழுக்கு என்றால் எப்போதும் கூப்பிடுவது அவனைப் போன்ற கைகளைத்தான். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளியும் கையுமாக அதை அள்ளியவர்கள் யார்? மீனவர்களும் கூலிக்காரர்களும் தன்னார்வ மாணவர்களும். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்புக் கைகள் மறக்காது.

கேட்பது நிலாவை அல்ல. ஒன்று, ஈயத்துக்கான 90 பிபிஎம் விதியைத் தொழிற்சாலை பெயிண்டுக்கும் நீட்டுங்கள். இரண்டு, காண்டிராக்ட் பெயிண்டர் ஒவ்வொருவருக்கும் பேர் போட்ட ஒரு மருத்துவப் புத்தகம் கொடுங்கள், ரத்த ஈய அளவும் நுரையீரல் சோதனையும் வருடா வருடம் அதில் ஏறட்டும், காண்டிராக்டர் மாறினாலும் புத்தகம் மாற வேண்டாம். மூன்று, 49 பேர் கணக்கை ஒழியுங்கள், பெயிண்டிங் மாதிரி ஆபத்தான வேலைக்குத் தலை எண்ணிக்கை பார்க்காமல் முதன்மை நிறுவனமே பொறுப்பு என்று எழுதுங்கள். புகைபோக்கியில் யாருடைய வண்ணமோ, பொறுப்பும் அவர்களுடையது.

வ.உ.சி.யைக் கப்பலோட்டிய தமிழன் என்று எல்லாரும் கொண்டாடுகிறார்கள். சிலை உண்டு, துறைமுகத்துக்கே அவர் பேர் உண்டு. 1908ல் அவரைச் சிறைக்கு அனுப்பியதில் இன்னொரு விஷயத்துக்கும் பங்கு உண்டு. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு அவர் தலைமை தாங்கினார். கூலி உயர்வு, வாராந்திர விடுமுறை, இதுதான் கோரிக்கை. சொந்தக் கம்பெனியின் கப்பல் கடலில் ஓடிக்கொண்டிருந்தபோதே, அடுத்தவன் மில்லில் வேலை பார்த்த கூலிக்காரனுக்காகத் தெருவில் நின்ற மனிதர் அவர். கப்பலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு கூலிக்காரனை மறந்துவிட்டால், ஞாபகத்தில் இருப்பது பாதி வ.உ.சி.தான்.

பி.கு: அடுத்த தடவை எண்ணூர்ப் பக்கம் கடற்கரையில் நின்று தூரத்தில் ஒரு கப்பலைப் பார்த்தால், புகைபோக்கி என்ன கலர் என்று பாருங்கள். எந்தக் கம்பெனி என்று கண்டுபிடித்துவிடலாம். அடித்தது யார் என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.